வள்ளுவர் வாசலில் நின்ற போதகர்கள்

"சாமி, பிள்ளையின் தமிழ்ப் பாடத்திலே கம்பராமாயணம் வருகிறதே, நம் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்யலாமா? விசுவாசத்துக்குப் பழுது வராதா?" கலஹாவிலும் தெல்தோட்டையிலும் உள்ள தோட்டக் குடும்பங்களில் பெற்றோர் இப்படிக் கேட்பதுண்டு. நல்ல மனத்தோடு கேட்கப்படும் கேள்விதான். படிக்கலாம் என்பதே விடை. ஆனால் ஒரு சொல்லில் விடை சொல்லிவிட்டால் கேட்டவருக்கு நிறைவு உண்டாவதில்லை. ஆகவே, இதே கேள்வி நமக்கு முன் யார் யாருக்கு எழுந்தது, அவர்கள் அதற்கு என்ன வழி கண்டார்கள் என்று இவ்வாரம் பார்ப்போம். நம்முடைய பிரிந்த சகோதரர்களாகிய புரட்டஸ்தாந்து சபையார் இதில் பட்ட பாடும் பெற்ற பயனும் நமக்கும் பாடமாகும். அவர்களுடைய கதையில் நம் தமிழும் இருக்கிறது. மலைநாட்டில் வாழும் நம்மைத் தொடும் அரசியலும் இருக்கிறது.

முதலில் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். புனித பவுல் ஏதென்ஸ் நகரத்து அறிஞர்கள் முன் பேசியபோது, அவர்களுடைய புலவர் ஒருவரின் சொல்லையே எடுத்துக்காட்டினார் என்று அப்போஸ்தலர் பணி நூலின் 17ஆம் அதிகாரம் கூறுகிறது. அச்சொல் ஆராத்துஸ் என்ற கிரேக்கப் புலவருடையது. அவர் பவுலின் சொந்த மாகாணமான சிலிசியாவைச் சேர்ந்தவர். பிறமதப் பாட்டுத்தான்; ஆயினும் அப்போஸ்தலர் அதை ஒதுக்கவில்லை. புனித அகுஸ்தீனாரை ஞானத்தின்மேல் முதன்முதல் ஆசை கொள்ள வைத்ததும் சிசரோ என்னும் உரோமையர் எழுதிய நூலே என்று அவரே எழுதிவைத்தார். புனித தோமாஸ் அக்குவினார் அரிஸ்தோத்திலைத் தம் இறையியலுக்குத் துணையாக்கிக்கொண்டது நீங்கள் அறிந்ததே.

16ஆம் நூற்றாண்டில் திருச்சபை பிளவுண்டபோது, பிரிந்து சென்றவர்கள் வேதாகமம் ஒன்றே போதும் என்றார்கள். அதனால் மற்றெல்லா ஏடுகளையும் தூக்கி எறிந்துவிட்டார்கள் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது சரியன்று. மார்ட்டின் லூத்தருக்கு அரிஸ்தோத்திலின் அறநூல்மீது கடுங்கோபம் இருந்தது உண்மை. ஆனால் அதே லூத்தர் 1524ஆம் ஆண்டில் ஜெர்மானிய நகரசபைகளுக்கு எழுதி, பாடசாலைகளைத் திறவுங்கள், பழைய மொழிகளைக் கற்பியுங்கள், வரலாற்று நூல்களைச் சேர்த்து வையுங்கள் என்று மன்றாடினார். ஈசோப்பின் கதைகளிற் சிலவற்றைத் தாமே ஜெர்மன் மொழியில் எழுதினார். நரியும் காகமும் வரும் கதைகளில் பிள்ளைகளுக்கு வேண்டிய அறம் உண்டென்று அவர் கண்டார். அவருடைய தோழர் மெலாங்தன் 1518இல், தமது 21ஆம் வயதில், விட்டன்பேர்க் பல்கலைக்கழகத்தில் கிரேக்க மொழிப் பேராசிரியராக வந்தவர். லூத்தரின் சபைக்கு முதல் இறையியல் தொகுப்பை எழுதியவரும் அவரே. சிசரோவுக்கும் அரிஸ்தோத்திலுக்கும் உரை எழுதியவரும் அவரே. மீட்பு நற்செய்தியால் வருவது, ஊரையும் வீட்டையும் ஒழுங்காக நடத்தும் அறத்தைப் பழைய அறிஞரிடமும் கற்கலாம் என்பது அவர் வகுத்த வழி.

சுவிட்சர்லாந்தில் சுவிங்கிளி இன்னும் ஒரு படி மேலே போனார். 1531இல் பிரான்ஸ் அரசருக்கென எழுதிய விசுவாச விளக்கத்தில், மோட்சத்தில் அரசர் காணப்போகும் கூட்டத்தைச் சொல்லும்போது, ஆதாம் ஆபேல் முதலியோருடன் சோக்கிரத்தீசையும் உரோமைப் பெருமக்களாகிய கேட்டோ, சிப்பியோ என்போரையும் சேர்த்துவிட்டார். ஹேர்க்குலிசுக்கும் அங்கே இடம் கிடைத்தது! லூத்தர் இதைப் பார்த்துக் கொதித்தெழுந்தார். ஒரே சீர்திருத்த இயக்கத்துக்குள்ளேயே, நல்ல பிறமதத்தார் கதி என்ன என்பதில் இத்தனை சண்டை. நம் திருச்சபை 1964ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாமல், நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடுவோரும் மீட்படையலாம் என்று சொல்லியிருக்கிறது. சுவிங்கிளியின் பட்டியலை நாம் ஏற்க வேண்டியதில்லை; அவர் கேட்ட கேள்வி வெறும் கேள்வியன்று.

இனிக் கல்வின். இவர் எழுதிய முதல் நூல் வேதாகமத்தைப் பற்றியதன்று. 1532இல், உரோமை அறிஞர் செனேக்கா அரசனின் இரக்கத்தைப் பற்றி எழுதிய நூலுக்கு ஓர் உரை எழுதினார். பின்னாளில் தம் பெரிய இறையியல் நூலின் கடைசி அதிகாரத்தில் அரசாட்சியைப் பற்றிப் பேசும்போது, அரசனுக்கு எதிராகத் தனி மனிதன் கிளம்பலாகாது என்று உறுதியாகச் சொல்லிவிட்டு, ஒரு விலக்கும் வைத்தார். அரசரை அடக்கவென்றே மக்களுக்காக ஏற்படுத்தப்பட்ட அதிகாரிகள் இருந்தால், அரசன் கொடுமை செய்யும்போது அவர்கள் வாய்மூடியிருப்பது துரோகம் என்றார். இதற்கு அவர் காட்டிய சான்றுகள் ஸ்பார்த்தா, உரோமை, ஏதென்ஸ் ஆகிய பழைய நாடுகளின் அதிகாரிகள். வேதாகமத்தைத் தவிர வேறொன்றும் வேண்டாம் என்று சொன்ன சபையின் அரசியற் சிந்தனைக்குள், பழைய வரலாறு முன்வாசல் வழியாகவே வந்துவிட்டது பாருங்கள்.

1572இல் பிரான்சில் புனித பர்த்தொலொமேயு திருநாளில் புரட்டஸ்தாந்தார் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்கள் கத்தோலிக்கர்; அதை மறைப்பதில் நமக்குப் பெருமை இல்லை. அதற்குப் பின் 1579இல் கொடுங்கோலரை எதிர்க்கும் உரிமை பற்றி ஒரு நூல் வெளிவந்தது. ஆசிரியர் தம் பெயரை மறைத்து, புரூட்டஸ் என்று புனைபெயர் இட்டார். உரோமையிலிருந்து அரசரைத் துரத்தியவனின் பெயர் அது. நூலினுள்ளே ஒரு பக்கம் இஸ்ராயேலர் கடவுளோடு செய்த உடன்படிக்கை, மறுபக்கம் உரோமைச் சட்டம். இவ்விரண்டையும் கலந்து பேசும் முறை பின்பு ஒல்லாந்துக்கும் ஸ்கொத்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் போயிற்று. அந்த முறை வளர்ந்த நாடுகளிலிருந்துதான் நம் கடற்கரைக்குப் போதகர்கள் வந்தார்கள்.

1706ஆம் ஆண்டு ஜூலை மாதம் 9ஆம் நாள், டென்மார்க் அரசர் அனுப்பிய பர்த்தொலொமேயுஸ் சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். ஜெர்மானியர், வயது ஏறத்தாழ 24. சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். இரண்டே ஆண்டுகளில், 1708இல், தாம் சேர்த்த ஏடுகளுக்கு ஒரு பட்டியல் எழுதினார். அதில் இந்து, சமணப் பெரியோர் எழுதிய தமிழ் நூல்கள் மட்டும் 119. கத்தோலிக்கக் குருக்கள் முன்பே எழுதிவைத்த தமிழ் நூல்களும் அப்பட்டியலில் இருந்தன. நம்மவர் உருவாக்கிய கிறிஸ்தவச் சொற்கள் பல அவருக்குக் கைகொடுத்தன. இதை அவர் சபையாரும் மறுப்பதில்லை. அதே ஆண்டில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் ஜெர்மன் மொழியிலே பெயர்த்தார். நம் தோட்டத்துப் பிள்ளை முதலாம் வகுப்பில் பாடும் ஔவையின் வரிகள், 300 ஆண்டுகளுக்கு முன் ஒரு லூத்தரன் போதகரின் மேசையில் இருந்தன. வேதத்தை அறியாத மக்களிடம் இத்தகைய ஒழுக்க நூல்கள் எப்படி வந்தன? கடவுள் தம் சட்டத்தைப் புறவினத்தார் இதயத்திலும் எழுதியிருக்கிறார் என்று உரோமையர் நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தில் பவுல் சொல்வது தமிழ்நாட்டுக்கும் பொருந்துமல்லவா?

1713இல் தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி அவர் ஒரு பெரிய நூல் எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். ஹாலே நகரில் இருந்த அவருடைய பெரியவர் பிராங்கே அதை அச்சிட மறுத்தார். அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பினோமேயன்றி அதை ஐரோப்பாவிலே பரப்புவதற்கல்ல என்பது அவர் எண்ணம். அந்நூல் அச்சேற 1867ஆம் ஆண்டாயிற்று. அப்போது ஆசிரியர் இறந்து 148 ஆண்டுகள் கழிந்திருந்தன. நீதிநூல்களின் மொழிபெயர்ப்போ 1930 வரை காத்திருந்தது. விட்டன்பேர்க்கில் இருந்த பேராசிரியர் சிசரோவைப் படித்தால் அது கல்வி. தரங்கம்பாடியில் இருந்த போதகர் ஔவையைப் படித்தால் அது அஞ்ஞானம்! ஐரோப்பாவின் பழமைக்கு ஒரு படி, நம் பழமைக்கு வேறு படி என்று அளந்தார்கள். இந்தத் தவறான அளவு புரட்டஸ்தாந்தாருக்கு மட்டும் உரியதன்று. நம் வீரமாமுனிவர் திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார், 1726இல் தேம்பாவணியைப் பாடினார். ஆனால் அவரை அடுத்து வந்தவர்களில் எத்தனை பேர் அவ்வழியில் நடந்தார்கள்?

யாழ்ப்பாணத்திலும் இதே கதை நடந்தது. அமெரிக்க மிஷன் போதகர்கள் 1816இல் வந்தார்கள். 1823இல் வட்டுக்கோட்டையில் டானியல் பூவர் தலைமையில் செமினரியைத் தொடங்கினார்கள். அங்கே ஆங்கிலமும் கணிதமும் வானநூலும் மட்டுமல்ல, தமிழ் இலக்கணமும் தமிழ் இலக்கியங்களும் பாடமாயின. தம் மொழியின் நூல்களை அறியாத உபதேசியாரைத் தமிழர் மதிக்க மாட்டார்கள் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். ஆனால் 1855இல் அமெரிக்காவிலிருந்து மிஷன் செயலாளர் அண்டர்சன் வந்து பார்த்தார். இங்கே படித்தவர்கள் உத்தியோகத்துக்குப் போகிறார்கள், ஊழியத்துக்குப் போதியவர் வரவில்லை என்று கண்டார். செமினரி மூடப்பட்டது. 1872இல் அதே ஊரில் யாழ்ப்பாணக் கல்லூரி எழும்பியது வேறு கதை.

மூடப்பட்டாலும் விதை விழுந்துவிட்டது. அங்கே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளில் ஒருவரானார். பின்பு வீரசோழியத்தையும் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். அவர் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து சைவத்துக்குத் திரும்பியவர். பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்கு உதவிய ஆறுமுக நாவலர், அதே அச்சையும் பாடசாலையையும் சைவத்துக்காகக் கையில் எடுத்தார். போதகர்களுக்கு இது தோல்வி எனத் தோன்றியிருக்கும். தமிழுக்கு இது பெரும் பேறு. கடவுளின் கணக்கும் மிஷன் கணக்கும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

தென்னாட்டில் கிருஷ்ணபிள்ளையின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. திருநெல்வேலியில் 1827இல் வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் ஊறி வளர்ந்து, சாயர்புரத்தில் தமிழாசிரியராகி, 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர். தகரம் ஒட்டும் தொழிலாளியாக இருந்து போதகரான ஜோன் பனியன், ஆங்கிலத்தில் எழுதிய யாத்திரைக் கதையைத் தழுவி, 1894இல் இரட்சணிய யாத்திரிகம் என்னும் காவியத்தை வெளியிட்டார். ஆங்கிலக் கதை எளிய உரைநடை. தமிழில் அது கம்பன் நடந்த வழியில் பெருங்காப்பியமாக நடக்கிறது. கிறிஸ்தவரான பின் அவர் கம்பனை மறந்திருந்தால் அந்நூல் நமக்குக் கிடைத்திராது. "கம்பராமாயணத்தைப் பிள்ளை படிக்கலாமா?" என்று கேட்ட பெற்றோர், வீட்டில் சற்று நேரம் இவரைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம்.

போப்பையர் 1886இல் திருக்குறளையும், 1893இல் நாலடியாரையும், 1900இல் திருவாசகத்தையும் ஆங்கிலமாக்கினார். ஆங்கிலிக்கன் குரு ஒருவர் மாணிக்கவாசகரைப் பெயர்ப்பதென்றால் அதற்குப் பரந்த உள்ளம் வேண்டும். ஆனால் ஓரிடத்தில் அவர் வழுக்கினார். மயிலாப்பூரில் வாழ்ந்த வள்ளுவர் கிறிஸ்தவப் போதகர்களிடம் கேட்டறிந்திருக்கலாம் என்று ஊகித்தார். 1969இல் வள்ளுவர் கிறிஸ்தவரா என்ற கேள்வியையே தலைப்பாகக் கொண்டு ஒரு நூலும் வந்தது. அவ்வெண்ணத்துக்கு ஆதரவு தந்த கத்தோலிக்கரும் உண்டு. இதற்குச் சான்று இல்லை. இதில் அன்பும் குறைவு. வள்ளுவர் நல்லதைச் சொன்னார் என்றால் அது நம்மிடமிருந்து கடன் வாங்கியதாகத்தான் இருக்க வேண்டுமா? பவுல் ஆராத்துஸை எடுத்துக்காட்டினார். ஆராத்துஸ் மோயீசனிடம் படித்தவர் என்று சொல்லவில்லை.

இனி அரசியல். 1856இல் கால்டுவெல் ஐயர் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். தமிழும் அதன் உறவு மொழிகளும் சமஸ்கிருதத்தின் பிள்ளைகள் அல்ல, தனிக் குடும்பம் என்று விரிவாக நிறுவினார். 1816இலேயே எல்லிஸ் என்ற ஆங்கில அதிகாரி இதைச் சுட்டியிருந்தார். ஆனாலும் உலகறியச் செய்தவர் கால்டுவெல். அவர் குறை இல்லாதவர் அல்லர். 1849இல் திருநெல்வேலியின் நாடார் சமூகத்தாரைப் பற்றி அவர் எழுதிய நூல் அம்மக்களின் மனத்தைப் புண்படுத்தியது. வரலாறு எழுதுபவர் மேசையில் இருந்து எழுதுகிறார். எழுதப்படுபவர் அதைச் சுமந்து வாழ்கிறார். அவருடைய ஒப்பிலக்கணம் வேறொரு வழியில் போயிற்று. மொழிக்கு வைத்த 'திராவிட' என்ற பெயர் மக்களுக்கு வந்தது. 1944இல் திராவிடர் கழகம் அப்பெயரைத் தாங்கிற்று. ஓர் ஆயர் பரப்பிய சொல், கடவுள் இல்லை என்று சொன்ன இயக்கத்தின் கொடியாயிற்று!

நம் நாட்டில் 1949 டிசம்பரில் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடங்கிய எஸ். ஜே. வி. செல்வநாயகம் புரட்டஸ்தாந்து கிறிஸ்தவர்; தெல்லிப்பழையில் அமெரிக்க மிஷன் பாடசாலையில் படித்தவர். 1951இல் திருகோணமலையில் கூடிய அக்கட்சியின் முதல் மாநாடு, தமிழர் ஒரு தேசிய இனம் என்பதற்கு மூன்று ஆதாரங்களைக் காட்டிற்று. தொன்மையான தனி வரலாறு ஒன்று. பண்டைய இலக்கியச் செல்வத்தோடு இன்றும் வாழும் மொழி இரண்டு. தொடர்ந்து குடியிருக்கும் நிலம் மூன்று. அவர் பின்னால் நின்றவர்களில் பெரும்பாலோர் சைவர். ஆகவே இது ஒரு சபையின் கொள்கை அன்று. ஆனால் பழைய இலக்கியமும் பழைய வரலாறும் உரிமைப் பத்திரமாக நீட்டப்படும் இம்முறை, புரூட்டஸ் என்று கையெழுத்திட்டவர் காலம் முதல் நாம் பார்த்து வந்ததே. 1976இல் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறிய ஊர் எது என்கிறீர்கள்? வட்டுக்கோட்டை.

கலஹாவில் இருந்து இதைப் படிக்கும் நமக்கு ஒரு கேள்வி எழ வேண்டும். தொன்மையே உரிமைக்கு அடிப்படை என்றால், நமக்கு இங்கே என்ன தொன்மை? தெல்தோட்டைக்கு அப்பால் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். கோப்பிக் காலத்திலேயே நம் முன்னோர் மன்னார்க் கரையிறங்கி, மாத்தளை வழியே காட்டில் நடந்து, வழியில் செத்தவர் போக மிஞ்சியவராக மலையேறினார்கள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், உன் தகப்பன் இந்நாட்டில் பிறந்தானா, அல்லது உன் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா, பத்திரம் காட்டு என்று கேட்டது. லயத்தில் பிறந்தவனுக்கு ஏது பத்திரம்? பல இலட்சம் பேர் நாடற்றவர் ஆயினர். 1964 ஒப்பந்தத்தில் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, இத்தனை பேர் இந்தியாவுக்கு, இத்தனை பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டார்கள். எஞ்சியிருந்தோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

செல்வநாயகம் 1948இல் அச்சட்டத்தை எதிர்த்து வாக்களித்தவர்; அதன் பொருட்டே தம் பழைய கட்சியைப் பிரிந்தவர். அதற்காக மலையகம் அவருக்கு நன்றியுடையது. ஆயினும் தொன்மையின்மேல் கட்டிய வாதத்தில் நமக்குத் திண்ணைதான் கிடைத்தது, வீட்டுக்குள் இடம் கிடைக்கவில்லை. 1976இல் தனிநாடு கேட்டபோது இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் அதில் சேராது நின்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். அரசன் பெயரும் கல்வெட்டும் காட்டி இரு பக்கமும் வழக்காடும்போது, கல்வெட்டு இல்லாத மக்கள் எதைக் காட்டுவது?

இங்கே கிரேக்கமும் உரோமையும் உதவா. சங்க நூல்களும் முழுவதும் உதவா. கல்வினும் புரூட்டசும் புரட்டிய அதே வேதாகமத்தில் வேறொரு வகை வரலாறு இருக்கிறது. உபாகமம், இன்று இணைச் சட்டம் என்கிறோமே, அதன் 26ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். முதற்பலனைக் கூடையில் வைத்துக்கொண்டு இஸ்ராயேலன் ஆண்டவர் முன் நிற்கிறான். தன் குலப்பெருமையை அவன் சொல்வதில்லை. என் மூதாதை நாடோடி. சிலராய் எகிப்துக்குப் போனான். அங்கே கடும் வேலை வாங்கி ஒடுக்கினார்கள். கூப்பிட்டோம், ஆண்டவர் கேட்டார் என்கிறான். கூலிவேலையையும் வழிநடையையும் வெட்கமின்றிச் சொல்லும் வரலாறு இது. அதற்கடுத்த வசனங்களில், உன்னோடு குடியிருக்கும் அந்நியனும் உன்னோடு மகிழ்ந்திருப்பானாக என்ற கருத்தும் வருகிறது. 1854 முதல் கண்டிப் பகுதித் தோட்டங்களில் ஆங்கிலிக்கன் மிஷனின் தமிழ் உபதேசியார்கள் பெரட்டு முடிந்த தொழிலாளருக்கு வேதம் சொன்னார்கள். நம் குருக்களும் சொன்னார்கள். இந்த அதிகாரத்தை எத்தனை முறை வாசித்திருப்பார்களோ!

ஆகவே பிள்ளைக்குக் கம்பனைக் கொடுங்கள், குறளைக் கொடுங்கள், முடிந்தால் இரட்சணிய யாத்திரிகத்தையும் தேம்பாவணியையும் தேடிக் கொடுங்கள். அவற்றோடு, லயத்தில் இருக்கும் கிழவிமார் கொழுந்தெடுக்கையிலும் தாலாட்டுகையிலும் பாடிய பாட்டுக்களைப் பிள்ளையின் கையாலேயே ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். சி. வி. வேலுப்பிள்ளை அப்படிச் சிலவற்றை எழுதிச் சேர்த்தார். மிச்சம் இன்னும் பல வாய்களில் இருக்கிறது. பாட்டோடு, அதைப் பாடியவரின் பெயரையும், அவருடைய தாய் தகப்பன் எந்த ஊரிலிருந்து எந்தத் தோட்டத்துக்கு வந்தார்கள் என்பதையும் எழுதட்டும்.